கண்ணாடி இல்லாத போட்டோ

“நாலு தாளு இருக்கும்போலயே கயலு? கல்யாணப் பத்திரிகைக்கே ஒரு தாளுதான்” என்றாள் ஜுலைகா, காகிதங்களை விரலால் புரட்டி எண்ணியபடி.

“சம்மதக் கடிதமாம்க்கா. படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணுமாம். எல்லாம் இங்கிலீசுல இருக்குது.”

“அதுக்குத்தானே உன்ன இட்டாந்தது. படி. எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.”

புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் அது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஜூன் மாதம். ஜுலைகாவின் இரண்டு கண்களுக்கும் அன்று லேசர் சிகிச்சை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாகிவிட்டது. சொட்டு மருந்தும் விட்டாகிவிட்டது. அவளுக்கு அந்தக் கூடம் முழுக்கப் பாலில் கரைந்ததுபோல் இருந்திருக்கும். அவளுக்கும் அவளுடைய அம்மா மைமூன் பீவிக்கும் நடுவில் கயல்விழி உட்கார்ந்திருந்தாள். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஜுலைகா வேலை பார்க்கும் பட்டறையின் ஆபீசில் கடிதம் டைப் அடிக்கும் பெண் அவள். இருபது வயது. கான்வென்டில் படித்தவள். அதிகம் பேசாதவள்.

“கண்ணுல இருக்கிற பவரு முழுசாப் போகாம கொஞ்சம் மிச்சம் இருக்கலாமாம்” என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

“எம்மாம் மிச்சம்?”

“அரை, முக்கால் இருக்கலாம்.”

“இருந்துட்டுப் போவுது. ஏழரையில இருந்து தப்பிச்சா போதாதா. பட்டறையில தேவநாதண்ணன் இனிமே என்ன ஏழரைன்னு கூப்பிட முடியாது.”

மைமூன் பீவி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஜுலைகாவின் பவர் மைனஸ் ஏழரை.

“கருவிழி மேல மெல்லிசா ஒரு மூடி மாதிரி சீவித் தெறப்பாங்களாம். அதுக்குக் கீழதான் லேசர் படுமாம். அப்புறம் மூடியத் திருப்பி வச்சுருவாங்க. சில பேருக்கு மூடி சுருங்கலாம், நகரலாம். அப்பிடி ஆனா மறுபடியும் சரி பண்ணணும்.”

“ஜாடி மூடி மாதிரியா? மூடி சரியா உக்காரலன்னா என்ன செகண்ட்ஸுல தள்ளிருவாங்களா?”

“சும்மா இருடி. நல்ல நேரத்துல என்னா பேச்சு இது” என்றார் அம்மா.

“கண்ணு உலரும். சொட்டு மருந்து போட்டுக்கிட்டே இருக்கணும்.”

“எத்தினி நாளைக்கு?”

“பல பேருக்குச் சில மாசம்.” கயல்விழி பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த வரி நீளமானது. “ராத்திரியில லைட்டச் சுத்தி வளையம் தெரியலாம். வெளிச்சம் கம்மியா இருந்தா பார்வை மங்கலாம்...”

அவள் முழங்காலை ஒரு கை அழுத்தியது. திரும்பிப் பார்த்தாள். மைமூன் பீவி வேண்டாம் என்பதாகத் தலையை மட்டும் அசைத்தார். அந்த முகத்தில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. தாளில் அந்த வரி இப்படி முடிந்தது: சிலருக்கு இவை நிரந்தரமாகவே இருந்துவிடலாம், கண்ணாடி போட்டாலும் சரியாகாமல் போகலாம்.

“அப்புறம்?” என்றாள் ஜுலைகா.

“அப்புறம் சரியாப் போயிடுமாம்க்கா” என்றாள் கயல்விழி.

ஜுலைகா அவள் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். பிறகு கையை நீட்டினாள். “எங்கன்னு காட்டு.” கயல்விழி அவள் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தாள். கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜுலைகா தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

“இது முடிஞ்சுதுன்னா பொய்யி இல்லாமப் போயிடும் கயலு. அந்தப் போட்டோ நெசமாயிடும்.”

அந்தப் போட்டோவின் கதையைச் சொல்வதற்கு முன்னால் ஜுலைகா யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய அத்தா முகம்மது இஸ்மாயிலுக்கு ஜங்ஷன் ரோட்டில் ஒரு பீங்கான் கடை. வாய் கோணிய கப்பு, அடி வளைந்த தட்டு, மேல் பூச்சில் ஊசிமுனை ஓட்டை விழுந்த ஊறுகாய் ஜாடி என்று பட்டறைகள் ஒதுக்கித் தள்ளிய சரக்கைத்தான் அவர் விற்றார். அந்த ஊரில் அதற்கு செகண்ட்ஸ் என்று பெயர். ஜுலைகா அந்த ஜாடிகளுக்கு நடுவில் வளர்ந்தாள். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் இருந்ததைப் படிக்கச் சொன்னபோது, எழுந்து நின்று, எந்தக் கரும்பலகை என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. மறுவாரம் கண்ணாடி வந்தது. அதற்குமுன் மரம் என்றால் பச்சையாக ஒரு மூட்டம் என்றுதான் நினைத்திருந்தாளாம். இலைகள் தனித்தனியாகத் தெரிந்த அன்று பயந்துபோய் அழுதிருக்கிறாள்.

வருடா வருடம் கண்ணாடி தடித்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் பேட்டைக்கு வேலைக்கு வந்தாள். மின்சாரப் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கட்டைகளைச் செய்யும் சின்னப் பட்டறை அது. சூளையிலிருந்து இறங்கும் வெள்ளைக் கட்டைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆறு பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பேசின் நிறையச் சிவப்புச் சாயத் தண்ணீர். கட்டையை முக்கி எடுத்துத் துணியால் துடைப்பார்கள். விரிசல் இருந்தால் அதில் சாயம் தங்கி ஒரு சிவப்பு நூல் தெரியும்.

ஜுலைகாவுக்குச் சாயம் வேண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கட்டையை மூக்குக்கு அருகில் கொண்டுபோவாள். தூரத்தில் ஒன்றும் தெரியாத அந்தக் கண்ணுக்கு, நாலு விரல் இடைவெளியில் இருப்பது மட்டும் பூதக்கண்ணாடி வைத்ததுபோலத் தெரியும். வெள்ளைமேல் வெள்ளையாக ஓடும் விரிசல்கூட அவளுக்குத் தப்பாது. “பாக்கல, மோந்து சொல்லிடுது” என்பார் மேஸ்திரி தேவநாதன். “ஏழரை இருக்கிற வரைக்கும் நமக்கு ரிட்டர்ன் வராது” என்று வெளியிலிருந்து வருபவர்களிடம் பெருமை பேசுவார்.

கயல்விழி வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருநாள் அவள் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாத அந்த முகம் தூங்கும் முகம்போல் அமைதியாக இருந்தது. கட்டையின்மேல் குனிந்து எங்கோ தூரத்து நிலத்தில் நடந்துகொண்டிருப்பவளைப்போல் இருந்தாள்.

“என்னாக்கா தெரியுது அதுல?”

“ஆறு. ஆத்து மணலு. ஒரு எடத்துல தண்ணி போன தடம். இந்தா, இது வெடிச்சது” என்று கட்டையை இடப்பக்கக் கூடையில் போட்டாள்.

இருபத்து நாலு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. வந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சேத்தியாத்தோப்பைச் சேர்ந்த அப்துல்லா குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், பெண் தேடுகிறார்கள் என்று தெரிந்து ஆள்விட்டுக் கேட்டபோது, மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டு அனுப்பினார்கள். ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு, “கண்ணாடியில வெளிச்சம் அடிக்குதும்மா, ஒரு நிமிசம் கழட்டிக்க” என்றார். கழற்றினாள். எதுவும் தெரியாத கண்ணால் எதையோ பார்த்தாள். அந்தப் பார்வைதான் குவைத்துக்குப் போனது. அப்துல்லாவுக்குப் பிடித்துப்போயிற்று.

பெண் பார்க்க அவருடைய அம்மாவும் தங்கை சைமாவும் வந்த அன்று, மைமூன் பீவி மகளுடைய கண்ணாடியை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார். சமையலறை வாசலிலிருந்து பாய் வரைக்கும் எட்டு எட்டு வை, அங்கே நின்று சலாம் சொல்லு, குனிந்த தலை நிமிராதே என்று சொல்லிக்கொடுத்தார். ஜுலைகா எட்டு எட்டு நடந்தாள். நாற்காலி முதுகில் மாட்டியிருந்த கறுப்புப் புர்காவுக்குப் பவ்வியமாக சலாம் சொன்னாள். கீழே பாயில் உட்கார்ந்திருந்த அப்துல்லாவின் அம்மா, “வெக்கத்தப் பாரேன் புள்ளைக்கு, மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது” என்று மகிழ்ந்துபோனார். அங்கேயே பேசி முடித்தார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் நிக்காஹ். கண்ணாடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை.

மறுநாள் பட்டறையில் இதை ஜுலைகாவே சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்குக் கண் நிறைந்தது. “கல்யாணத்தன்னைக்கு ராத்திரி அவரு மூஞ்சி எனக்குத் தெரியணும்னா நான் கண்ணாடி போடணும். போட்டா பொய்யின்னு தெரிஞ்சிடும். என்னா பண்றது கயலு?” வழியை அத்தாதான் கண்டுபிடித்தார். லேசர் வைத்தால் கண்ணாடியே வேண்டாமாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புதுச்சேரிக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார்.

சிகிச்சை அறையில் நடந்ததை ஜுலைகா பிறகு கயல்விழிக்குச் சொன்னாள். கண்ணை எதுவோ கவ்விப் பிடித்ததாம். உலகம் அணைந்ததாம். பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்ததாம். சூளையைச் சுற்றி வருவதுபோலக் கருகிய வாசனை ஒன்று வந்ததாம். “அந்தப் புள்ளியவே பாருங்கன்னாங்க. பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு சொப்பனத்துக்குள்ள இன்னொரு சொப்பனத்துக்குப் போற மாதிரி இருந்துச்சு.”

மறுநாள் காலையில் கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. மூக்கின்மேல் எந்தக் கனமும் இல்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கவே இல்லை. நெய்வேலியைத் தாண்டும்போது தூரத்துச் சுரங்க மேடுகளில் ஊர்ந்த வண்டிகளைக் காட்டினாள். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் சத்தமாகப் படித்தாள். விருத்தாசலம் கோயில் கோபுரம் தெரிந்ததும், “அது மேல இம்மாம் பொம்மை இருக்குதா?” என்றாள். கயல்விழிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. விட்ட வரியை அன்றைக்கு மறந்துபோனாள்.

அது ஒன்பது பத்து நாள் சந்தோஷம். மாலையில் விளக்கு போடும் நேரத்தில்தான் மற்றது வந்தது.

ஜுலைகா வேலைக்குத் திரும்பிய பிறகு, பட்டறை விட்டு இருவரும் ஒன்றாக நடந்து வருவார்கள். பேட்டை ரோட்டின் மஞ்சள் விளக்குகள் எரியத் தொடங்கியதும் ஜுலைகா நின்றுவிடுவாள். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம், வட்டத்துக்கு வெளியே நீள நீளமான கதிர்கள். சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் இரண்டு விளக்குகளும் ஒன்றையொன்று தின்று ஒரே பெரிய வெள்ளைப் பூவாக விரிந்துவிடும். பஸ் எந்த இடத்தில் இருக்கிறது, அருகிலா, தூரத்திலா, தெரியாது. “எல்லா வெளக்குக்கும் முள்ளு மொளைச்சிருக்குது” என்பாள். பயத்தோடு சொல்லவில்லை. அதிசயத்தைப் பார்த்த குரலாகத்தான் இருந்தது. கயல்விழி அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடுவாள். புகையும் மண்தூசியும் மிதக்கும் அந்தச் சாயங்காலத்தில், யாருக்கும் தெரியாத ஒரு திருவிழாவுக்குள் ஜுலைகா மட்டும் நடந்து போவதுபோல் இருக்கும்.

“கொஞ்ச நாள்ல போயிடுமில்ல? நீ படிச்சியே.”

“போயிடும்க்கா.”

இரண்டாவது முறையும் அதையே சொன்னாள்.

வேலையில் நடந்ததை அந்த நாலு தாளும் சொல்லியிருக்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை, அவருக்கு ஃபியூஸ் கட்டை எங்கே தெரியும். ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை சிகிச்சை நன்றாகவே முடிந்திருந்தது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஆனால் கட்டையை மூக்கருகே கொண்டுபோனபோது பழைய நிலம் அங்கே இல்லை. கண் இழுத்துப் பிடிக்கும், ஒரு நிமிடத்தில் கலங்கிவிடும். வெள்ளைமேல் வெள்ளை வெறும் வெள்ளையாக இருந்தது. சூளைச் சூட்டில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரிந்தது. ஆகஸ்டில், கோயம்புத்தூர் போன சரக்கில் இரண்டு பெட்டி திரும்பி வந்தது. தேவநாதன் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். மறுநாள் காலையில் ஜுலைகா வந்தபோது, அவள் மேசையிலும் ஒரு பேசின் இருந்தது. சாயம் கலந்து வைத்திருந்தார்.

ஜுலைகா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் கட்டையை முக்கினாள். அன்றிலிருந்து அவளை யாரும் ஏழரை என்று கூப்பிடவில்லை.

வீட்டில் மைமூன் பீவி ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். சொட்டு மருந்தை யார் எதிரிலும் போடக்கூடாது. வளையம், முள் என்று வெளியே பேசக்கூடாது. சேத்தியாத்தோப்பிலிருந்து யாரும் வந்தால் பகலிலேயே அனுப்பிவிட வேண்டும். “கல்யாணம் முடிஞ்சா எல்லாம் பழகிடும்.” அரிசிப் பானைக்குள் வைக்க இப்போது கண்ணாடி இல்லை, அவ்வளவுதான்.

அப்துல்லா மாதம் ஒரு கடிதம் எழுதினார். வண்டியில் ஸ்டியரிங்குக்கு மேலே போட்டோவை ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தார். பாலைவனத்து ரோட்டில் ராத்திரி எதிர் வண்டி வரும்போது அந்த வெளிச்சம் போட்டோமேல் பட்டுப் போகும், அப்போது நீங்கள் என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும் என்று எழுதியிருந்தார். ஜுலைகா அதைக் கயல்விழியிடம் படிக்கக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் போட்டோ புடிச்ச நேரத்துல எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு அவருக்கு யாரு சொல்றது?”

அக்டோபர் கடைசியில் நோன்பு வந்தது. சொட்டு மருந்து விட்டால் சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பு இறங்குவது ஜுலைகாவுக்குத் தெரியும். தொண்டையில் ருசி தெரிந்தால் நோன்பு முறிந்துவிடுமே என்று பகலில் மருந்து விடுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிவாசலில் இமாமைக் கேட்டிருந்தால், கண் மருந்தால் நோன்பு முறியாது என்று சொல்லியிருப்பார். கேட்டால் எதற்கு மருந்து என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. சூட்டிலும் தூசியிலும் நாள் முழுக்கக் காய்ந்த கண், மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலையில் திறக்கவே மறுத்துவிட்டது. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது, நல்லவேளை ஆழமாக இல்லை என்றார். களிம்பு வைத்து இரண்டு கண்ணையும் கட்டி அனுப்பினார்.

கயல்விழி அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். மைமூன் பீவி கடைக்குப் போயிருந்தார். கட்டுப் போட்ட கண்களோடு ஜுலைகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு துண்டு வெயில் அவள் மடியில் கிடந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“யாரு, கயலா? செருப்ப ஓரமாக் கழட்டிட்டு வா. நேத்து அத்தா அதுல தடுக்கி வுழுந்தாரு. வூட்டுல கண்ணு தெரியாதது நான் மட்டுந்தான்னு நெனைச்சேன்.”

கயல்விழியால் சிரிக்க முடியவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் ஒரு வரிய விட்டுட்டேன்க்கா. சில பேருக்கு அது போகவே போகாதுன்னு போட்டிருந்துச்சு. சரியாப் போயிடும்னு போடல. நானாச் சொன்னேன்.”

வெயில் துண்டு மடியிலிருந்து பாய்க்கு இறங்கியது. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

“தெரியும்” என்றாள் ஜுலைகா.

“எப்பிடிக்கா?”

“நீ படிக்கும்போது நிக்க மாட்ட. அன்னைக்கு ஒரு எடத்துல நின்ன. என்னான்னு கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு வந்திருக்கணும். அதான் கேக்கல.” கொஞ்சம் பொறுத்து, “பாதி உன் மேல, பாதி என் மேல. அம்மாவ வுட்டுரு, அது பயந்த மனுசி” என்றாள்.

கயல்விழி அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். இருந்தும் ஜுலைகா கையை நீட்டி, இருட்டில் தேடி, அவள் தலைமேல் வைத்தாள்.

“அழுவாத. ஒண்ணு சொல்லட்டா? இந்தக் கட்டுக்குள்ளயும் எனக்கு அந்த வளையம் வருது. பழைய கட்டைங்க வருது, அந்த ஆத்து மணலு வருது. நல்லாத்தான் இருக்குது. என்னால இதோட இருந்துட முடியும். அவரால முடியுமான்னு அவருதான் சொல்லணும். அவரு சொல்லணும்னா அவருக்குத் தெரியணும்.”

“அம்மா ஒத்துக்குவாங்களா?”

“ஒத்துக்காது. வேணாம்னு சொன்னாருன்னா அடுத்த எடம் எப்பிடித் தேடுறதுன்னு அழுவும். அழுவட்டும். அழுது முடிச்சுட்டு சோறாக்கும்.” கட்டுக்குக் கீழே அவள் உதடு லேசாக விரிந்தது. பிறகு குரல் இறங்கியது. “வேணாம்னு சொன்னாருன்னா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும் கயலு. அந்த லெட்டருல்லாம் எனக்கு மனப்பாடம்.”

வாசலை நோக்கி முகத்தைத் திருப்பி, அம்மா வரும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்கவில்லை. பாயைத் தட்டித் தன்னருகே இடம் காட்டினாள்.

“பேனா வச்சிருக்கியா? நான் சொல்லச் சொல்ல அவருக்கு எழுது. கண்ணாடிய அரிசிப் பானையில வச்சது, புர்காவுக்கு சலாம் சொன்னது, எல்லாத்தையும் எழுது. ராத்திரியில என்னக் கையப் புடிச்சுத்தான் கூட்டிக்கிட்டுப் போகணும்னு எழுது. என்ன நெனைச்சுப் பாவப்பட்டு எதையும் நல்லாச் சொல்லாத. ஒரு வரியக்கூட வுட்டுடாத.”